மேற்குப் பக்கம் ரெண்டரை அடி

வரைபடத்தில் அது புள்ளிக்கோடு.
சுவருக்கு வெளியே சுவரோடு ஓடி
மூலையில் திரும்பும்.
வீடு கட்டுகிறவர்கள் பலரும் அதைப் பார்ப்பதேயில்லை.
ஹால் எத்தனைக்கு எத்தனை,
பூஜை ரூம் எந்த மூலை,
அதோடு சரி.

கோட்டூர் திலகமணி பார்த்தாள்.
பேனா முனையை அதன் மேல் வைத்து
"இதென்னுங்க?"
எறவாரம்.
"இதுக்குமுங் காசு?"
சதுரடி இருநூற்று நாற்பது;
குழாய், ஓடு, கூலி எல்லாம் சேர்த்து.
"அடியில ரூமே இல்லீங்களே.
காத்துக்கா காசு குடுக்கிறது?"

ஆமாம் என்றேன். காத்துக்குத்தான்.
ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து
வருமே மேகாத்து,
அது மழையைப் பெய்ய விடாது,
படுக்கப் போட்டு இழுத்து வரும்.

பேங்க்காரருக்கும் அவள் சந்தேகம்தான்.
கடன், சுவருக்குள் இருப்பதற்கு.
வெளியே நீள்வது உங்கள் பாடு.

ஓரடி போதும், எழுதிருங்க என்று போய்விட்டாள்.
எழுதினேன். இருபத்தெட்டு அடிச் சுவர்,
ஆறாயிரத்து எழுநூற்று இருபது.
எழுதும்போதே தெரியும், அந்த ஜன்னல் நனையும்.
என் கட்டணம் நனையாது.

பத்து நாள் கழித்து
துண்டுச் சீட்டோடு வந்து நின்றாள்.
நார் மில்லில் ஈரப்பதம் பார்க்கிற வேலை அவளுக்கு.
நார்த்தூளைக் கட்டியாக அழுத்துமுன்
ஒரு பிடி அள்ளி மீட்டரில் வைத்து
இது கப்பலேறும், இது ஏறாது என்று பிரிப்பவள்.
சாரல் பிடித்த ஞாயிற்றுக்கிழமை
பூசாத மேற்குச் சுவர் உச்சியில்
சென்ட்ரிங் பலகையை ஓரடி வெளியே நீட்டி
மேலே கல்லை வைத்து
குடையோடு காத்திருக்கிறாள்.
பலகைக்குக் கீழே ரெண்டடி காய்ந்திருந்தது.
அதற்கும் கீழே செங்கல் கறுத்துப்போனது.
கறுத்த இடத்தில் கரிக்கோடு.
சீட்டில் இவ்வளவுதான்:
ஓரடிக்கு ரெண்டடி.
ஜன்னல் அடிக்கட்டை ஆறடி கீழ.
அப்ப மூணடி வேணும்.

பதினெட்டு வருஷமாகப் படம் போடுகிறேன்.
ரெண்டரை என்று முதலில் போட்டது
எந்தக் கணக்கிலும் இல்லை.
என் பழைய முதலாளி போட்டார், நானும் போட்டேன்.

அவசரமாகப் பென்சிலை எடுத்தேன்.
பலகை மட்டமாக நீண்டதுங்க,
ஓடு சரிந்துதான் நீளும்.
ரெண்டரை போவதற்குள்
ஒன்றரைக்குக் கொஞ்சம் கம்மியாய் இறங்கிவிடும்,
மிச்சத்தைச் சரிவு பார்த்துக்கொள்ளும்.
(தப்பித்தேன்.)
உதடு அசையாமல் கூட்டிக் கழித்தாள்.
"அரையடி மிச்சமுங்களா?
மூவாயிரத்து முந்நூத்தி அறுவது."
அதைச் சொன்ன பிறகுதான் சிரித்தாள்.

சட்டம் ஏறிய அன்று
அடுத்த தோப்பு சென்னியப்பன் டேப்போடு வந்தார்.
வேலிக்கும் சுவருக்கும் நாலடி.
ரெண்டரை போக ஒன்றரை.
"சொட்டு எங்க விழுகும்?"
எங்க மண்ணுலதானுங்.
"மேகாத்து அடிச்சா?"
"மேகாத்து உங்க தோப்புல இருந்துதானுங்களே வருது,"
என்றாள் திலகமணி.
டேப் தானாகச் சுருண்டு உள்ளே போனது.

மழை மேலிருந்து நனைக்கும்,
காற்று அடியில் கை கொடுத்துத் தூக்கும்.
ரெண்டுக்கும் பதில் சொல்ல
நாலடிக்கு ஒரு கைதாங்கி, ஆக எட்டு,
வெல்டிங் பஷீர் நானூற்றைம்பது வீதம்.
ஓரத்து ரெண்டு வரிசை ஓட்டை
செம்புக் கம்பியில் கட்டச் சொன்னேன்.
ஜி.ஐ. போதும் என்றாள்.
அதில் நான் தோற்றேன்.

அடுத்த ஆடியில் பாக்கிப் பணத்துக்காகப் போனேன்.
மழை சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது,
மேற்கு ஜன்னல் திறந்துகிடந்தது.
அதற்கு நேர் கீழே, சுவரை ஒட்டி,
ஒரு சாண் அகலத்துக்கு மண் வெளுத்து, மாவாக.
அதில் குழியானைகள்
புனல் புனலாகத் தோண்டிவைத்திருந்தன.
ஈரம் பட்டால் அந்த இடத்தில் இருக்காது அது.
ஓர் எறும்பு விளிம்பில் சறுக்கியது.
நான் குனிந்து எண்ணத் தொடங்கி
பதினாலில் விட்டுவிட்டேன்.

"இதுககிட்ட ஒண்ணும் வாங்கலீங்களா?" என்று
பணத்தை நீட்டினாள்.
எண்ணிப் பார்த்தேன்.
ஐந்நூறு குறைந்தது.