ஈரமான பானெட்

இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது.
மட்கார்டில் நாலு விரற்கடை,
சீட்டில் ஒரு பூனை படுத்த அளவு,
பின்டயரின் வரிப்பள்ளங்களில் சலித்த மாவு.
பானெட் மட்டும்
ஈரமாக, நீலமாக.

ஒன்றும் கேட்கவில்லை நான்.
கையுறையைக் கழற்றி
பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.

"டீ கிடைக்குமா?" என்றேன் செவெரினிடம்.

கிடைத்தது. தம்ளரின் அடியில் செர்ரி ஜாம்.
முதல் தம்ளருக்கு உருளைக்கிழங்கு விலை பேசினோம்.
இரண்டாவதற்கு, அவன் மனைவி வார்சா போனதை.
மூன்றாவதற்குப் பேச ஒன்றுமில்லை.
நாரெவ் ஆற்றில் உறைபனி விரிசல் விடுவது கேட்டது.
அவன் கடிகாரத்தைப் பார்த்தான்
நான் ஜன்னலை.
"உனக்கு வேலை எதுவும் இல்லையா, புரோனிஸ்வாவா?"
"இதுதான் வேலை" என்றேன்.

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இதற்குக் கேட்கிறான் பதினாலாயிரம் ஸ்லோட்டி.

பானெட்டில் மறுபடி வெள்ளை படிந்தபின்
சாவியைத் திருப்பச் சொன்னேன்.
நாலாவது முறை பிடித்தது.
வெள்ளைப் புகை, அது குளிருடையது, போகட்டும்.
ஆனால் வெள்ளை கலைந்து நீலம் வந்தது,
நீலம் போகவே இல்லை.
எண்ணெய் மூடியைத் திறந்தால்
படியேறி வந்தவன்போல் புஸ்புஸ்ஸென்று மூச்சு.
நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாய்த் தளர்த்தினேன்:
ஒன்று, தடுமாறியது. இரண்டு, தடுமாறியது. நாலும் அப்படியே.
மூன்றைத் தளர்த்தியபோது
இன்ஜினுக்குத் தெரியவே இல்லை.

"மூணாவது செத்துப்போச்சு."
"தூங்குது" என்றான்.
எட்டாயிரத்துக்கு முடிந்தது.
அதில் ஐநூறு, காலையில் சூடாக்கி வைத்ததற்காக.
சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மார்ச் முழுக்கக் கொட்டகையில்.
ஹெட்டை இறக்கினேன், லைனர்களின் மேல்விளிம்பில்
நகம் தட்டி நிற்கும் ஒரு படி.
மூன்றாவது பிஸ்டனில் ரிங்குகள்
கரியோடு கரியாகப் பூட்டிக்கொண்டிருந்தன.
கனெக்டிங் ராடின் பேரிங்கில் வெள்ளி தேய்ந்து
செம்பு எட்டிப் பார்த்தது.
கிராங்க் மட்டும் இன்னும் வட்டம்.
நாலு இடத்தில் அளந்தேன், நம்பாமல் ஐந்தாவது இடத்திலும்.

மூன்றாவது லைனரைப் பிடுங்கியபோது
அதன் கழுத்தடியில் ஒரு மெல்லிய வளையம்:
பீர் கேன்.
கத்திரியால் வெட்டியது,
ஓரத்தில் காட்டெருமையின் ஒரு கொம்பு
தங்க மையில் மிச்சமிருந்தது.

வெட்டியவனைத் திட்டினேன்,
அவன் அம்மாவையும் சேர்த்து.
குப்பையில் போட்டுவிட்டு அளக்க உட்கார்ந்தேன்.
மற்ற மூன்று லைனர்களும்
பிளாக்குக்கு மேல் தலை நீட்டுவது
மில்லிமீட்டரில் நூறில் எட்டு.
மூன்றாவது, பள்ளத்தில் இரண்டு.
பியாவிஸ்தோக்கிலிருந்து தபாலில் வந்த செப்பு வளையம்,
கடைக்காரனிடம் இருந்ததிலேயே மெல்லியது, வைத்தால் பதினெட்டு.
குப்பையைக் கிளறி
கொம்பைத் துடைத்து வைத்தால்
எட்டு.

கொஞ்ச நேரம் ஸ்பேனரால் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடைக்குப் போய் அதே பீர் வாங்கினேன்.
பின்சக்கரத்தில் சாய்ந்து, ரொட்டியோடு குடித்தேன்.
கத்திரி போட்டேன். மூன்று கெட்டுப்போனது
(மூன்று பீர் என்று பொருள்).
நாலாவது வளையம் உட்கார்ந்தது.

வால்வுகளுக்குப் பசை தடவி மத்துப்போல் கடைந்தேன்.
ஹெட் போல்ட்டுகள், நடுவிலிருந்து வெளியே,
மூன்று சுற்று, வாய்விட்டு எண்ணியபடி.

ஏப்ரலில் செவெரின் வந்தான்.
வணக்கம்கூடச் சொல்லாமல்
கையுறையைக் கழற்றி பிளாக்கைத் தொட்டான்.
சில்லென்றிருந்தது.
என்னைப் பார்க்காமல் சாவியைத் திருப்பினான்.

முதல் சுற்றிலேயே பிடித்தது.
மூன்றாவது நட்டைத் தளர்த்தினேன், அவன் கேட்பதற்காக:
மொத்த இன்ஜினும் நொண்டியது.

பின்பக்க சீலில் இன்னும் சொட்டுகிறது.
அட்டை விரித்து வைத்திருக்கிறேன்.