நாலுக்கு நாலுக்கு எட்டு

நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளம்.
மதவாஸ்கா ஆற்றுப் பக்கம்
விறகு விற்கிறவள் இதைத்தான் ஓர் அடுக்கு என்பாள்.
வாங்குகிறவன் அளந்தால்
அது எப்போதும் முக்கால் அடுக்கு.

நாற்பது ஏக்கர். பாதிக்கு மேல் மேப்பிள்,
மேட்டில் மஞ்சள் பிர்ச், ஓடையோரம் ஆஷ்.
விவாகரத்தில் வீட்டையும் படகையும் அவருக்கு விட்டுவிட்டு
மரங்களையும் அதற்குள் இருந்த வேட்டைக்குடிசையையும்
நான் எடுத்துக்கொண்டேன்.
நிச்சயமாகவா என்று
வக்கீல் இரண்டு முறை கேட்டார்.

"சும்மாதானே நிற்கிறது, வெட்டினால் காசு"
என்றான் ஒனெஸிம், பெட்ரோல் பங்க்கும்
அதையொட்டிக் கடையும் வைத்திருப்பவன்.
மரம் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.
நின்ற இடத்திலேயே
ஆண்டுக்கு ஒரு வளையம் வேலை பார்க்கிறது.

வெட்டினேன்.

மின்கட்டண ரசீதின் பின்பக்கம் கணக்கு:
ரம்பச் சங்கிலி இரண்டு. அரம். எண்ணெய்.
பிளக்கும் இயந்திரத்துக்கு வாடகை நாளுக்கு எண்பது
(அதன் குழாய் வெடித்துக் கிடந்த நாளுக்கும் எண்பது).
டிரக்கின் பின் டயர்.
இடது தோளைப் பிடித்துவிட
நாலு தடவை எட்மண்ட்ஸ்டன்.
மரத்தின் விலை:
இங்கே பேனா கொஞ்சம் நின்றது.
சொந்த மரம்தானே. பூஜ்யம் போட்டேன்.
எழுபது வயது மேப்பிள், பூஜ்யம்.
அப்படியும் மணிக்கு ஆறே கால் டாலர்தான் தேறியது.
ஒனெஸிம் கடையில் காபி ஊற்றும் பெண்ணுக்குப் பதினைந்து,
அவள் நடுவில் உட்காரவும் செய்கிறாள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
சுண்டைக்காயும் என்னுடையது, சுமப்பதும் நான்.
கூலியை யாரிடம் போய்க் கேட்க?

பதினேழு மாதம் காயவைத்து
செப்டம்பரில் ஒன்பது அடுக்கு நிறுத்தினேன்.
ஒனெஸிம் டேப்போடு வந்தான்.
"நடுவில் நாய் புகுந்து போகலாம் போலிருக்கே, ஃபெர்னாண்ட்."
"எலி" என்றேன்.
"நரி."
"எலி."
முயலில் முடிந்தது,
அடுக்குக்குப் பத்து டாலர் குறைத்து.

பணம் வந்தது, கூரையின் மேற்கு மூலைக்குப் போனது.
எனக்கென்று வைத்த மூன்றடுக்கு
போதும் என்று நினைத்தேன்.
பிப்ரவரி அப்படி நினைக்கவில்லை.

மைனஸ் முப்பத்தொன்று, ஐந்து நாள்.
மிச்சம் இருந்ததெல்லாம் பச்சை மரம்.
அடுப்புக்குள் அது அழுதது, சீறியது, நுரை கக்கியது,
எரிவதைத் தவிர எல்லாம் செய்தது.

ஒனெஸிம் கடை வாசலில்
பிளாஸ்டிக் வலைக்குள் விறகு. கட்டு பன்னிரண்டு டாலர்.
பத்துக் கட்டு ஏற்றினேன்.
கல்லாவில் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
நான் மீதிச் சில்லறையை எண்ணவில்லை.

குடிசையில் வலையை அறுத்தால்
ஒரு கட்டைக்குள் முள்கம்பி.
மரம் குச்சியாக இருந்த காலத்தில் யாரோ அடித்த வேலி;
பட்டை விழுங்கி, வைரம் மூடி,
வெளியே தெரியாமல் வைத்திருந்து
என் சங்கிலியில் பதினொரு பல்லைத் தின்ற அதே கம்பி.
விரல் நீளம்கூட இல்லை.
அதற்கும் சேர்த்து அளந்துதான்
காசு கொடுத்திருந்தான் பாவம்.

உரக்கச் சிரித்தேன். கேட்க ஆளில்லை.
ரசீதைத் தேடி எடுத்துக் கணக்கைத் திருத்தினேன்.
மணிக்கு ஐந்துகூட இல்லை.

ஆனால் எரிந்தது பாருங்கள்!
ஒரே குச்சியில் பற்றி,
நள்ளிரவு தாண்டியும் கணகணவென்று,
சாக்ஸைக் கழற்றிவிட்டுத் தூங்கினேன்.
வாங்கிய விறகில் இவ்வளவு நல்லதை
நான் பார்த்ததே இல்லை.

மார்ச்சில் ஒனெஸிம் கூப்பிட்டான்,
இந்த வருஷம் எத்தனை அடுக்கு என்று.
கட்டு பன்னிரண்டு டாலர், என்று ஆரம்பித்தேன்.
அந்தப் பக்கம் இருமல்.

ஓடையோரம் ஆஷ் மரங்கள் உச்சியிலிருந்து காய்கின்றன.
உள்ளே பூச்சி; மரங்கொத்தி
பட்டையைச் சீவிச் சீவி வெளுப்பாக்கிவிட்டது.
விற்றாலும் விற்காவிட்டாலும் விழப்போகிறவை.
புதிய ரசீதின் பின்பக்கம்
மரத்தின் விலை என்று எழுதி
அந்த வரியை அப்படியே விட்டிருக்கிறேன்.

அரத்தை எங்கே வைத்தேன்?