முக்கால் வீசை

மகா கனம் பொருந்திய உப்பு இலாகா துரை சமூகத்துக்கு,
பாம்பன் கயித்தான் பெண்சாதி சூசானம்மாள்
பணிவுடன் எழுதிக்கொண்டது என்று
நீங்களே ஆரம்பிச்சாச்சு.
பணிவு போதும் பிள்ளைவாள்,
இனி நான் சொல்றதை எழுதுங்க.

கொட்டடி வேலிக்குள்ள வர்ற மீனுக்கு
மணங்கு பத்தணா விலையில் சர்க்கார் உப்பு என்று
போன தைமாசம் தமுக்கடித்தார்கள்.
கடையில் அதுவே மூன்று ரூபாய்.
மீன்பிடிக்கிற குடிகள் பிழைக்கட்டும் என்று
துரைக்கு வந்த தயவு. அதையும் போடுங்க.

யார் குடி என்று தமுக்கு சொல்லலை.
சீட்டு சம்மாட்டி பேரில்.
எங்கள் வத்தைக்கு ஒரு பங்கு,
வலைக்கு இரண்டு,
கச்சான் காற்றில் மூணு ராத்திரி பாய்க்கயிறு பிடித்து
உள்ளங்கை உரிஞ்சு வந்தவனுக்கு அரை.
உப்புச் சலுகையில் பங்கு உண்டா என்று கேட்டதற்கு
சம்மாட்டி சிரித்தார்.
உப்பு கரைஞ்சு போச்சுடா கயித்தான் என்றார்.

சிரிக்காதீங்க. எழுதுங்க.

வெள்ளிக்கிழமை அந்தியில், கதவடைக்கிற நேரம்,
என் புருஷன் வெற்றிலைப் பையில்
சேவகன் உப்பு கண்டான்.
முக்கால் வீசை என்று நிறுத்தான்.
பை நனைஞ்சிருந்தது, அவன் இடுப்பும் நனைஞ்சிருந்தது,
அதில் சர்க்கார் உப்பு எவ்வளவு
அவன் வேர்வை எவ்வளவு என்று
அந்தத் தராசு சொல்லாது.
அபராதம் ஐந்து ரூபாய்.
கட்ட முடியாததால் இன்றைக்கு ஒன்பதாம் நாள் உள்ளே.
அவன் இடத்தில் வத்தையில்
ராயப்பன் மகன் ஏறிவிட்டான்,
அவனுக்குக் கால் பங்குதான்.

இனி வர்றதையும் எழுதுங்க.
ராத்திரி மீனைக் கடல்தண்ணியில் ஊறப் போடுறது நாங்கள்.
ஈரமீன் எடை கூடும்,
எடைக்குத்தானே உப்பு அளக்கிறார் குமாஸ்தா.
மிஞ்சின உப்பைத் திருக்கை வயிற்றில் வைத்து
கோணி ஊசியால் தைக்கிறது நான்.
பனைநார் தான் நல்லது, நூல் அறுந்துபோகும்.
மாசத்துக்கு நாற்பது திருக்கை,
கொழும்புத் தோணியில் ஏறுகிறவரை
ஒரு சேவகனும் வயிற்றைத் தடவிப் பார்த்ததில்லை.
அந்தக் காசு சம்மாட்டி வீட்டுக்கு மச்சு போட்டது.
தையலுக்கு எனக்குக் கிடைத்தது
இரண்டு தலை, ஒரு வால்.

ஏன் எழுதுகோலை வைச்சீங்க?

நானும் உள்ளே போவேன், தெரியும்.
மூணு பிள்ளைகள், அதுவும் தெரியும்.
மாமியார் கண் தெரியாதவள் என்று
நீங்கள் சொல்லித்தான் தெரியணுமா?

சரி. அடிச்சிருங்க.
திருக்கை என்ற இடத்தில் தொடங்கி
வால் என்ற இடம் வரைக்கும்.
மையைக் கொட்டி மெழுக வேண்டாம் பிள்ளைவாள்,
ஒற்றைக் கோடு போதும்.
துரைக்குப் படிக்க ஆசை வந்தால்
தடையா நிற்கக் கூடாது பாருங்க.

தற்குறி எங்கே கீறணும்?
இங்கேயா?
விரல் நடுக்கமில்லை, வெட்டு.
தாளில் சிவப்புப் பட்டால் செல்லுமா?

எழுத்துக்கூலிக்குக் காசில்லை.
இந்தச் சீலாக் கருவாட்டை வைச்சுக்குங்க.
உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.
எங்கிருந்து என்று
உங்கள் வீட்டில் கேட்டால்
கடல் என்று சொல்லுங்க.