இன்னொருவனின் நேர்ச்சை

மூன்றாம் நாள்.
தேவிபட்டினத்தில் மூன்று மணிக்கே எழுப்பிவிட்டார்கள்.
பள்ளிக்கூட வராந்தா இருட்டில்
செருப்பைத் துழாவிய கைக்கு
முதலில் அகப்பட்டது வீங்கிய ஒரு பாதம்.
யாருடையதென்று ஒரு நொடி தெரியவில்லை.

நேர்ச்சை என்னுடையதில்லை.
மச்சான் சந்தியாகு நேர்ந்துகொண்டது.
தங்கச்சிமடத்திலிருந்து ஓரியூருக்கு
மூன்று வருசம், கால்நடையாய்.
இரண்டு முடித்துவிட்டான்.
மூன்றாவதற்குள் வின்ச்சு ரோப்பு அறுந்து
முழங்காலைத் தட்டிவிட்டது.
பிளேட்டு வைத்த காலைத் தலையணையில் ஏற்றிவைத்துக்கொண்டு
"நீ போ மாப்ள" என்றான்.
எதுக்கு நேர்ந்தீங்க என்றேன்.
"அது உனக்கெதுக்கு? நடந்தாப் போதும்."

நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்.
நாற்காலிக்குப் பழகிய கால்.
எத்தனை பார் ஏறியது, எத்தனை உருகியது,
எந்தப் படகு பாக்கி.
எனக்கு ஓடுகிற ஜெபமாலை அதுதான்.
முன்னால் போனவர்கள் மணி உருட்டினார்கள்.
நான் கிலோமீட்டர் கல்லை எண்ணினேன்.

கடல் வலது கைப்பக்கம் இருப்பதாகப் பேச்சு.
சீமைக்கருவேல்தான் தெரிந்தது.
அதற்குப் பின்னாலிருந்து
காய்கிற கருவாட்டு வாசம்
எங்களை அடையாளம் கண்டுகொண்டு
கொஞ்ச தூரம் கூட வந்தது.

திருப்பாலைக்குடி விலக்கில்
பைக்கில் வாளி கட்டி வந்த இரண்டு பையன்கள்
நன்னாரி சர்பத் ஊற்றினார்கள்.
எத்தனை பேர் என்றான் தொப்பி போட்டவன்.
நாற்பத்தொன்று.
"நாப்பத்திரண்டு கிளாஸ் வருது,
யாராவது ரெண்டு குடிங்க."
இரண்டாவதை மச்சான் கணக்கில் குடித்தேன்.

பதினோரு மணிக்குத் தார் இளகியது.
உப்பு லாரி ஒவ்வொன்றும்
கடக்கும்போது ஒரு அறை, கடந்தபின் ஒரு இழுப்பு.
குதிகாலில் கொப்புளம் உடையவும் இல்லை, அடங்கவும் இல்லை.
உட்கார்ந்துவிட்டேன்.
ரெஜினாள் அக்கா ஊசியில் நூல் கோத்து
கொப்புளத்தில் நுழைத்து மறுபக்கம் எடுத்து
நூலை அப்படியே விட்டாள்,
"கழட்டாதீங்க, தண்ணி வழியட்டும்."
பிறகு, நூலைப் பல்லால் கடித்தபடி,
"போன வருசம் உங்க மச்சானும்
இந்தப் பாலத்துச் சுவத்துலதான் உக்காந்தாரு."
என்ன சொன்னாரு?
"ஒண்ணும் சொல்லல. செருப்பக் கழட்டி
பைக்குள்ள போட்டுட்டு நடந்தாரு."

உப்பூரில் ஒரு பிள்ளையார்,
வெயிலை உகந்தவர் என்று பெயர்.
உகந்துகொள்ளட்டும்.
என் பங்கையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும்.
கோயில் மதில் நிழல் ஒரு சாண்கூட இல்லை.
அதில் ஒட்டி நின்றுகொண்டு
கல்லை விட்டுவிட்டு வருசத்தை எண்ணினேன்.

பிள்ளை வரமா? மூன்று இருக்கிறது.
படகுக் கடனா? கடனென்றால் ஊருக்கே சொல்லியிருப்பான்.
இந்தத் தை, போன தை, அதற்கு முந்தின தை.
அதற்கும் முன்னால், ஒரு ஐப்பசி.
கம்பெனியில் அமோனியா குழாய் விட்டுப்போய்
மதுரையில் பதினோரு நாள்
மூக்கில் குழாயோடு கிடந்தவன் நான்.

அப்படியிருக்காது.
அவனுக்கு நான் பதினேழாயிரம் தரவேண்டும்.
அக்கா கல்யாணத்தில் நாங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள்.
அப்படியெல்லாம் இருக்காது.

அதற்கப்புறம் கல் எத்தனை வந்ததென்று
என்னிடம் கணக்கில்லை.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.
"எங்க இருக்க?"
உப்பூர் தாண்டி.
"கோயில்கிட்ட அடிபம்பு ஒண்ணு,
தண்ணி நல்லாருக்குமே."
தாண்டிட்டோம் மச்சான்.
"சரி."
கொஞ்ச நேரம் அவன் வீட்டு டிவி மட்டும் பேசியது.
"இருமுறியா?"
இல்ல. தூசி.
"துண்டக் கட்டிக்க" என்று வைத்துவிட்டான்.

லாரி கண்கூசும் வெளிச்சத்தில் எழுந்து நின்றேன்.
குதிகாலில் நூல் தொங்கியது,
கருநீலம், ஈரமாய்.
செருப்பைக் கழட்டலாமா என்று
ஒருமுறை குனிந்து பார்த்தேன்.
வேண்டாம்.
நாளைக்குத் தொண்டி, அதற்குப் பிறகு உள்நாடு.
ஓரியூரில் மண் சிவப்பாக இருக்குமாம்.
அங்கே பார்த்துக்கொள்ளலாம்.