இரண்டு அங்குலம்

பெருங்குடியில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தள வாசலில்
மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை தீட்டிய ஓர் உத்தரம்.
உயரம் இரண்டு மீட்டர் என்று எழுதியிருக்கும்.
சனிக்கிழமை காலை
தையல் டேப்பைத் தொங்கவிட்டு அளந்தேன்.
ஒன்று தொண்ணூற்றெட்டு.
கட்டியவன் அதிலும் இரண்டு சென்டி தின்றிருக்கிறான்.

என் ஜிப்ஸி ஒன்று எண்பத்தேழரை.
மிச்சம் பத்தரை சென்டிமீட்டர்.
இந்த ஊரில் என் ஆசைக்கு ஒதுக்கப்பட்ட இடம்
அவ்வளவுதான்.

புதுப்பேட்டையில் தஸ்தகீர்
முருங்கைக்காய் பொறுக்குகிறவர் போல
லீஃப் பட்டைகளை ஒவ்வொன்றாய் வளைத்துப் பார்க்கிறார்.
"நாலு இஞ்ச் ஏத்திடலாம் மேடம்.
முப்பத்தொண்ணு டயர் போட்டீங்கன்னா
சிக்னல்ல பஸ்காரனே வழி விடுவான்."

விடுவான்தான்.
முழுசாய் ஒடித்துத் திருப்பினால் டயர் மட்கார்டை உரசும்.
ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் தாங்காமல் முனகும்.
முள் அறுபது காட்டும்போது
நான் எழுபதில் போய்க்கொண்டிருப்பேன்;
துரைப்பாக்கத்துக் கேமராவுக்கு இதை யார் விளக்குவது?
லிட்டருக்கு ஒன்பது கொடுக்கிறது, ஏழாகும்.
ஆர்.டி.ஓ. ஆபீஸைப் பற்றி
இந்தக் கவிதையில் பேசுவதாக இல்லை.

வாரத்தில் ஐந்து நாள் சிறுசேரி.
போக இருபத்திரண்டு, வர இருபத்திரண்டு.
மெட்ரோவுக்குத் தோண்டி மூடி
மறுபடி தோண்டிய பள்ளங்கள்.
மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும்
நாகலாபுரத்து ஓடையில்
கூழாங்கற்கள் சக்கரத்தடியில் புரள்கிற சத்தம்.
தராசில் வைத்தால் ஞாயிற்றுக்கிழமைத் தட்டு
காற்றில் நிற்கிறது.
ஆனால் நான் அந்தத் தட்டில்தான்
உட்கார்ந்திருக்கிறேன்.

காரப்பாக்கத்தில் கிறிஸ்டிலா ஏறிக்கொள்வாள்.
ஏழு மாதம்.
ஒரு கை பிடியில், ஒரு கை வயிற்றில்,
மூச்சைப் பிடித்து ஒரே தாவல்.
"இன்னும் ஏத்தப் போறியாமே?
ஏணியையும் நீயே கொண்டு வந்துடு."
சிரித்தேன்.
நாலு அங்குலம் அங்கேயே இறங்கிவிட்டது.

ஆனாலும் போன டிசம்பர் இருக்கிறதே.
பள்ளிக்கரணை தன் பழைய இடத்தைக் கேட்டு
சாலைக்கு வந்த இரவு.
சக்கரத்தின் நடுவரை தண்ணீர்.
முன்னால் ஒரு ஸ்விஃப்ட்
விளக்கு எரிந்தபடியே மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது.
நான் வீடு வந்துவிட்டேன்.
ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது
டிஃபரன்ஷியலில் இருந்து
பால் டீ நிறத்தில் எண்ணெய் வடிந்தது.

அதைச் சொன்னதும்
தஸ்தகீர் பட்டையைக் கீழே வைத்தார்.
"ஸ்பிரிங்கு பாடியத்தான் மேடம் தூக்கும்.
அச்சு இருந்த எடத்துலதான் கெடக்கும்.
அதத் தூக்கணும்னா டயர் ஒண்ணுதான்.
டயரும் எவ்ளோ தூக்கும்? ஒரு இஞ்ச்சுக்கு மேல கொஞ்சம்.
உங்க பிரச்சனை உயரமே இல்ல.
அச்சு மூச்சு விடுற ஓட்ட கீழ இருக்கு,
அதுக்கு ஒரு ரப்பர் டியூப் மாட்டி
மேல கொண்டுபோய்க் கட்டிடுறேன்.
நூத்தி எண்பது ரூபா."

இத்தனை இரவுகள் நான் போட்ட கணக்கில்
அந்த நூற்றெண்பது
எங்குமே வரவில்லை.

முடிவு இதுதான்:
இரண்டு அங்குல ஷாக்கிள்.
டயர் இருநூற்று முப்பத்தைந்து, எழுபத்தைந்து, பதினைந்து.
பல் ரொம்ப முரடு வேண்டாம்,
மழையில் பிரேக் பிடிக்க வேண்டும்,
கிறிஸ்டிலா தூங்க வேண்டும்.
கறுப்பு டியூப் ஒன்று, இரண்டு கிளிப்போடு.

மொத்தம் ஒன்று தொண்ணூற்றாறு.
உத்தரத்துக்கும் கூரைக்கும் நடுவே
இரண்டு விரல்.

அன்று இரவு முதல் கியரில் சரிவில் இறங்கினேன்.
கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி,
மேலே பார்த்தபடி.
ஆன்டெனா மட்டும் உத்தரத்தில்
டிக் என்று ஒரு தட்டுத் தட்டியது.
பக்கத்தில் டார்ச் பிடித்து நின்ற
வாட்ச்மேன் பச்சைமுத்து
தன் தலையைக் குனிந்துகொண்டார்.