இணைப்பு பதினொன்று

ஜெராக்ஸ் கடை நூருல் அமீன்
கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்கிறார்:
“ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற மாதிரி
ஒண்ணுகூட இல்லியாம்மா?”

கல்யாண ஆல்பம் இரண்டு இருக்கிறது.
ஒன்றில் நீங்கள், பள்ளிவாசலில்,
வெள்ளைத் தொப்பிகளுக்கு நடுவே.
இன்னொன்றில் நான், வீட்டு மாடியில்,
அதே நேரம், லாத்தாமார் நடுவே வியர்த்துக்கொண்டு.
இடையில் ஒரு தெரு.
வக்கீலாக வந்த மாமா தெருவைத் தாண்டி
என் சம்மதத்தை வாங்கிப் போனார்.
செருப்பை மறந்து போனார்.
அதை எந்தத் தாளில் ஒட்ட?

அப்புறம் உள்ள பத்தொன்பது நாளில்
என் படங்கள் நிறைய. எடுத்தது நீங்கள்.
ஒன்றின் மூலையில் உங்கள் கட்டைவிரல்.

கீழக்கரையில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார்.
என் பேருக்கு எழுதிய வீடு, மூன்று அறை, கிணறு.
அவர்கள் கேட்பதோ
லெஸ்டரில் நான் போய் இருக்கப்போகும் அறையின் அளவு.
டேப் வைத்து அளந்து அனுப்பினீர்கள்:
பத்தடிக்கு ஒன்பதடி, ஜன்னல் ஒன்று.
எங்க வீட்டுக் கிணற்றடி இதைவிடப் பெரிசு என்றேன்.
நீங்கள் சிரிக்கவில்லை.
டூட்டிக்கு நேரமாகியிருந்தது.

வருமானம்தான் முதலில் இடித்தது.
அவர்கள் போட்ட கோட்டுக்கு
உங்கள் சம்பளம் ஒரு சாண் கீழே நின்றது.
கோடு நகராது, ஆள்தான் ஏறணும் என்றார் ஏஜென்ட்.
ஏறினீர்கள்.
பகலில் முதியோர் இல்லம், இரவில் கிடங்கு.
ஆறு மாதம், ஆறு சம்பளச் சீட்டு,
ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொழுத்து.

அதே ஆறு மாதத்தில்
நம் பேச்சு இளைத்தது.
ஜனவரியில் நாற்பத்தேழு மணி நேரம்.
மார்ச்சில் பத்தொன்பது.
ஜூனில் மூன்று மணி பதினோரு நிமிடம்,
அதில் பாதி, போனைப் பிடித்தபடியே நீங்கள் தூங்கியது.
நான் துண்டிக்கவில்லை.
அடுப்படி மேடையில் உங்கள் குறட்டையைச் சாய்த்துவைத்து
மீன் அலசினேன்.

“உறவு கொறஞ்சிக்கிட்டே வர்ற மாதிரி தெரியுதே”
என்கிறார் நூருல் அமீன்,
மை தீர்ந்த எந்திரத்தைத் தட்டியபடி.
யோசனையும் சொல்கிறார்:
மாப்பிள்ளை லீவில் வந்தால்
அஞ்சு சட்டை, அஞ்சு சேலை, ஒரே சாயங்காலம்.
ஜெட்டியில் ஒண்ணு, லைட்ஹவுஸ் பக்கம் ஒண்ணு,
ஏர்வாடி ரோட்டில் பைக்கோடு ஒண்ணு.
பொய் எதுவும் இல்லை அதில், தேதியைத் தவிர.
வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது.
அந்த நிமிடத்தில்
சேலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாட்ஸ்அப்பைத் திறந்தோம்.
‘சாப்டியா’ எண்ணூற்றுச் சொச்சம்.
‘ம்’ அதைவிடக் கூட.
“அம்புட்டும் ஒண்ணுபோல இருக்கே, வேற இல்லியா?”

வேற உண்டு.
மே பதினாலு, ராத்திரி.
வாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
நீங்கள் எடுக்காத ஒன்பது அழைப்பு.
அதன் கீழே நான் எழுதியது.
அதன் கீழே நீங்கள் எழுதியது.
யார் கண்ணிலும் படக் கூடாது என்று
நாலு நாள் பேசாமலிருந்தே நாம் முடிவுசெய்தது.

அந்தப் பக்கத்தைக் கலரில் எடுங்க என்றேன்.
படிக்காமல் எடுத்துத் தந்தார்,
முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு.
பன்னிரண்டு ரூபாய்.

மொழிபெயர்த்து முத்திரை குத்த நானூறு.
ஆள் ராமநாதபுரத்தில், கேணிக்கரைப் பக்கம்.
காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகணும்.
‘எங்கயாச்சும் போய்த் தொலைங்க மச்சான்’
என்பதை இங்கிலீஷில் எப்படி எழுதுவாரோ.
மச்சானை மட்டும்
விட்டுவிடாதீர்கள் என்று
முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.