பாதி ஆடு

வைரராபா குன்றுகளில்
மண்சாலை முடியும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை.
நான்கு மோட்டார், நான்கு ஆள்.
விழும் ரோமத்தை அள்ளி மேசையில் விரித்து
அழுக்கைக் கிள்ளி எறிவது என் வேலை.
ரேடியோ என் தலைக்கு மேலே, ஆணியில்.
"நைரி, ஸ்கோர்!" என்பார்கள்.
கத்திச் சொல்வேன்.
பாதிதான் போய்ச் சேரும்.

ஐந்தாம் நாள், தேநீருக்குப் பின்,
இருநூற்று முப்பத்தொன்றுக்கு ஏழு.
இன்னும் முப்பத்தேழு வேண்டும்.
டிரா ஆனாலும் தொடர் நமக்குத்தான்.
சண்டையே அங்கேதான்.

"கட்டை போடணும். இருபத்தாறு ஓவர், அவ்வளவுதான்.
பந்து வரட்டும், போகட்டும், நீ பாட்டுக்கு நில்லு."
இப்படிச் சொன்னவன் டிபேனே.
நாளுக்கு முந்நூற்று நாற்பது ஆடு முடிப்பவன்.
அவன் நின்று தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

"முப்பத்தேழுக்குப் போய் ஒளியறதா?
ஒன்பது பவுண்டரி, ஒரு சிங்கிள்.
அடிச்சுத் தோத்தா என்ன, குடியா முழுகிடும்?"
இது லாக்லன்.
ஆட்டின் காதோரம்
குழந்தைக்கு முடி வெட்டுவதுபோல் போவான்.
தோலில் ஒரு கீறல் விழுந்தால்
அன்று மாலை யாரிடமும் பேச மாட்டான்.

நான் வாயைத் திறக்கவில்லை.
திறந்தால் இருவரும் சேர்ந்து என்மேல் பாய்வார்கள்.

சமையல்கார மேவிஸுக்கு வேறு கணக்கு:
நேற்று ஸ்லிப்பில் விட்ட கேட்ச்.
காலை முட்டையோடு அதைப் பரிமாறினாள்,
மதியம் கறியோடு,
இப்போது ரொட்டியோடு.
வேல்ஸிலிருந்து வந்த கெத்தினுக்கு
இங்கிலாந்து தோற்றால் போதும்.
"அஞ்சு நாள் ஆடி யாரும் ஜெயிக்கலைன்னா
அதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
நான்காவது ஆள் ரூபேனி
வாரம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவன்,
தலையை மட்டும் ஆட்டினான்.
எந்தக் கட்சிக்கு என்று தெரியவில்லை.

எட்டாவது விழுந்தது ஒரு மோசமான ஷாட்டுக்கு.
"பார்த்தியா!" என்றான் டிபேனே.
பிறகு இரண்டு பவுண்டரி.
"பார்த்தியா!" என்றான் லாக்லன்.
அப்புறம் நான் கத்தினேன்: "ஒன்பது போச்சு!"
மோட்டார் இரைச்சலில் லாக்லன் காதில்
"ஒன்பது போதும்" என்று விழுந்திருக்கிறது.
வாயெல்லாம் சிரிப்பு.
அதுவும் பொய்யில்லை,
இன்னும் ஒன்பது ரன்தான்.

பதினோரு ஓவர் மிச்சம்.
கால்காப்பில் ஒரு பந்து.
இங்கிலாந்து மொத்தமும் கையைத் தூக்கிக் கத்துகிறது.
அம்பயர் அசையவில்லை.
ரிவ்யூ.

முதலில் ரூபேனியின் மோட்டார் நின்றது,
பிறகு கெத்தினுடையது, லாக்லனுடையது.
கடைசியில், நம்ப மாட்டீர்கள், டிபேனேயுடையதும்.
மணி அடிக்காமல் இந்தக் கொட்டகை
ஓய்ந்து நான் கேட்டதில்லை.
பலகை இடுக்குகளில் குளம்புச் சத்தம்,
வெளியே ஒரு நாய் தன்னைச் சொறியும் சத்தம்.
பண்ணைக்காரர் முர்டோ ஓடி வந்தார்.
"யாருக்குக் கை போச்சு?"
"பேசாதீங்க" என்றாள் மேவிஸ்.
கதவைப் பிடித்தபடி அவரும் நின்றார்.

டிபேனேயின் முழங்கால்களுக்கு நடுவில்
பின்பக்கத்தை ஊன்றி, முன்கால்களை மடியில் போட்டு,
பாதி வெட்டிய ஆடு
மனுஷனைப்போல உட்கார்ந்து
அதுவும் காத்திருந்தது.

பந்து ஸ்டம்பின் விளிம்பை
உரசியும் உரசாமலும்.
அம்பயர் சொன்னதே முடிவு.
அவுட் இல்லை.

"அடிடா! அடுத்ததைத் தூக்கி அடி!"
டிபேனேதான், தொண்டை கிழிய.
அதே மூச்சில் லாக்லன்:
"அவசரப்படாதே, நில்லு, நில்லுடா தம்பி!"
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கணம் போதுமாயிருந்தது ஆட்டுக்கு.
ஒருபக்கம் ரோஜாத் தோல்,
மறுபக்கம் ஒரு வருஷக் கம்பளி தரையில் புரள,
என் மேசையைச் சுற்றி, முர்டோவின் காலடியில் புகுந்து,
வெயிலுக்குள் போயே போய்விட்டது.
டிபேனே எழுந்தான்.

"விடுப்பா. எங்கே போயிடும்" என்றார் முர்டோ.
எக்கி நின்று
ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.